செலோ மட்டுமே கொண்ட குழுக்கள்: கலைஞர்களின் பின்னணியை எவ்வாறு வாசிப்பது?

இரவுநேர ரசிகன் (கேள்வி)

அண்மைக் காலமாக, செலோ (வயலின் இனத்தில் தாழ்ந்த குரலுடைய பெரிய வாத்தியம்) என்ற ஒரே வாத்தியத்தை மட்டுமே கொண்ட அறை இசைக் குழுக்களின் பதிவுகளை விரும்பிக் கேட்டு வருகிறேன். நால்வர் குழுக்களும் இருக்கின்றன, எண்மர் குழுக்களும் இருக்கின்றன, பன்னிருவர் சேர்ந்து வாசிக்கும் குழுவும் இருக்கிறது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ என்று அமைந்த வழக்கமான நால்வர் குழுவையே நெடுநாள் கேட்டுப் பழகியவன் நான். ஆகவே, ஒரே வாத்தியம் பன்னிரண்டு ஒன்றாக அமர்ந்தால் ஒலி மொத்தையாகிவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படி ஆகவில்லை. மேலே பாடுவது எது, நடுவில் நிரப்புவது எது, அடியில் தாங்குவது எது என்பது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெளிவாகவே பிரிகிறது. இது எப்படி நிகழ்கிறது என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்விதான் என்னை இங்கே எழுதத் தூண்டியது. இத்தகைய குழுக்களின் இசைத்தட்டு உறைகளிலும் நிகழ்ச்சிக் கையேடுகளிலும் உறுப்பினர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கும்: இன்ன ஊரில் பிறந்தார், இன்னாரிடம் பயின்றார், இன்ன போட்டியில் பரிசு பெற்றார், இன்ன சிம்பொனி இசைக்குழுவில் பணியாற்றுகிறார். எட்டுப் பத்திகளையும் படித்து முடித்தபின் எட்டுப் பேரும் ஒருவரைப் போலவே தோன்றுகிறார்கள்; பெயர்களை மாற்றி ஒட்டினாலும் வேறுபாடு தெரியாது போலிருக்கிறது. இந்தப் பின்னணிகள் நாம் கேட்கும் ஒலியில் உண்மையிலேயே ஏதேனும் தடம் விடுகின்றனவா, அல்லது கையேட்டின் பக்கத்தை நிரப்புவதற்காக எழுதப்படுபவையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மந்தரஸ்தாயி

முதல் கேள்விக்கான விடை செலோவின் ஸ்தாயி எல்லையிலேயே இருக்கிறது. அதன் நான்கு தந்திகள் கீழிருந்து மேலாக சி, ஜி, டி, ஏ என்று, ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ள தந்திக்குப் பஞ்சமமாக அமையும்படி சுருதி சேர்க்கப்படுகின்றன. அடித்தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸிலும் மேல்தந்தி 220 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். மேல்தந்தியில் இடக்கையின் கட்டைவிரலையே தந்தியின் குறுக்கே வைத்து, அதை நகரும் மேடாகப் பயன்படுத்தி, மற்ற விரல்களால் மேலே மேலே ஏறிச் செல்ல முடியும். அவ்வாறு வாசிக்கும்போது நான்கு ஸ்தாயிகளுக்கும் அதிகமான பரப்பு கைக்கு வந்துவிடுகிறது. ஆணின் மிகத் தாழ்ந்த குரல் தொடங்கிப் பெண்ணின் உச்சக்குரல் வரையிலான பாடற்குழுவின் எல்லை முழுவதையும் இந்த ஒரே வாத்தியம் அளந்துவிடும் என்பதால், பன்னிரண்டு செலோக்கள் என்பது நடைமுறையில் பன்னிரண்டு குரல்கள் கொண்ட ஒரு பாடற்குழுதான்.

நீங்கள் அஞ்சிய மொத்தைத்தன்மைக்கும் காரணம் உண்டு. தாழ்ந்த ஸ்தாயியில் இரண்டு ஸ்வரங்கள் நெருங்கி நின்றால் நம் செவி அவற்றைப் பிரித்துக் கேட்பதில்லை, உறுமலாகவே கேட்கிறது. அடித்தந்தியில் ஸட்ஜமும் அந்தர காந்தாரமும் சேர்ந்து ஒலித்தால் கலங்கலாக இருக்கும். அதே இணையை இரண்டு ஸ்தாயி மேலே வாசித்தால் தேன் போல இருக்கும். ஆகவே செலோக் குழுவுக்கு எழுதத் தெரிந்தவர், அடியில் ஸட்ஜ-பஞ்சமம் அல்லது முழு ஸ்தாயி என்று அகலமான இடைவெளி விட்டு, மேலே போகப்போக நெருக்கி அடுக்குவார். தெரியாதவர் எழுதியதை எவ்வளவு பெரிய கலைஞர்கள் வாசித்தாலும் கலங்கல் தீராது. உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது என்றால், பாராட்டில் பாதி எழுதியவருக்கும் தழுவி அமைத்தவருக்கும் உரியது.

இனிப் பின்னணிக்கு வருகிறேன். பன்னிரண்டு என்ற எண்ணிக்கைக்குப் பின்னால் லைப்சிக் நகரத்து ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். யூலியஸ் கிளெங்கல் (1859–1933) பதினைந்து வயதில் அந்நகரின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவில் சேர்ந்து, 1881 இல் அதன் முதன்மைச் செலோக் கலைஞராகி, 1924 வரை அங்கேயே இருந்தவர். ஆர்தர் நிக்கிஷ் என்ற நடத்துநரின் 65 ஆவது பிறந்தநாளுக்காக, 1920 இல், பன்னிரண்டு செலோக்களுக்கு ‘ஹிம்னுஸ்’ என்ற சிறிய படைப்பை அவர் எழுதினார். அதை வாசித்தவர்கள் அவருடைய மாணவர்கள். நிக்கிஷ் அக்காலத்தில் லைப்சிக் இசைக்குழுவுக்கு மட்டுமன்றி பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குக்கும் தலைமை நடத்துநர். அரை நூற்றாண்டுக்குப் பின், 1972 இல், பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் செலோக் கலைஞர்கள் பன்னிருவர் சால்ஸ்பர்க்கில் ஆஸ்திரிய வானொலிக்காக அதே ‘ஹிம்னுஸ்’ஸைப் பதிவு செய்தார்கள். ‘பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் 12 செலோக் கலைஞர்கள்’ என்று இன்று உலகறிந்த குழு அந்தப் பதிவிலிருந்து பிறந்ததுதான். வாசிப்பதற்குப் போதிய படைப்புகள் இல்லாத நிலையில், போரிஸ் பிளாஹர், யானிஸ் செனாக்கிஸ் முதலியோர் அவர்களுக்கென்றே புதியவற்றை எழுதினார்கள்.

கையேட்டில் ‘இன்னாரிடம் பயின்றார்’ என்ற வரியை நான் தள்ளிவிட்டுப் படிக்காததற்கு இதுவே காரணம். கிளெங்கலிடம் பயின்றவர்களில் எமானுவேல் ஃபாயர்மான், கிரெகோர் பியாட்டிகோர்ஸ்கி, கில்ஹெர்மினா சூஜியா, வில்லியம் பிளீத் ஆகியோர் இருக்கிறார்கள். பிளீத்திடம் பயின்றவர் ஜாக்குலின் டு பிரே. வில்லைப் பிடிக்கும் முறை, முழங்கையின் உயரம், ஒரு நீண்ட ஸ்வரத்தை முடிக்கும் விதம் ஆகியவை இப்படிக் கைமாறித்தான் வருகின்றன. குரு பரம்பரை என்ற எண்ணம் நமக்குப் புதிதல்லவே.

பழைய இசைத்தட்டு

மேலே நண்பர் மந்தரஸ்தாயி சொன்ன வரலாற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவில் இருக்கிறது. ஒரே ஆசிரியரிடம் பயின்ற ஃபாயர்மானும் பியாட்டிகோர்ஸ்கியும் ஒரே மாதிரி வாசித்தவர்களா? பழைய பதிவுகளைக் கேட்ட எவரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள். முன்னவரின் வில்லில் ஒரு கூர்மையும் சிக்கனமும் உண்டு. பின்னவர் மேடை நடிகரைப் போல ஒவ்வொரு வரியையும் பேசிக் காட்டுவார். ஆசிரியரின் பெயர் ஒரு கலைஞருக்குக் கதவு திறந்த விதத்தைச் சொல்லுமே தவிர, உள்ளே நுழைந்தபின் அவர் என்னவானார் என்பதைச் சொல்லாது.

கையேடுகள் வழக்கமாக விட்டுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்காக ஒருவர் எங்கெல்லாம் வாசித்தார் என்பதே அது. செலோக் குழு என்ற வடிவத்தோடு தொடர்புடைய பெரிய பெயர்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலோர் சிற்றுண்டிச்சாலைகளிலும் அரங்கக் குழிகளிலும் (மேடைக்கு முன்னே இசைக்குழு அமரும் பள்ளம்) திரையரங்குகளிலும் வாசித்து வளர்ந்தவர்கள்.

கட்டலோனியாவின் எல் வெந்திரெல் என்ற சிற்றூரில் 1876 இல் பிறந்த பாவ் கசல்ஸின் தந்தை தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மகனின் முதல் செலோ, சுரைக்குடுவையில் தந்தி கட்டிச் செய்த ஒரு விளையாட்டு வாத்தியம். பார்சலோனாவில் மாணவனாக இருந்தபோதே கசல்ஸ் ‘கஃபே டோஸ்ட்’ என்ற சிற்றுண்டிச்சாலையில் ஒரு மூவர் குழுவில் மாலைதோறும் வாசித்துச் சம்பாதித்தார். அங்கே வாசிப்பதற்குப் புதிய உருப்படிகள் வேண்டும் என்பதற்காகத் தந்தையும் மகனும் பழைய இசைத்தாள் கடைகளைத் துழாவியபோதுதான், 1890 இல், பாஹ்ஹின் ஆறு தனிச் செலோத் தொகுப்புகளின் ஒரு பிரதி அவர் கையில் சிக்கியது. இருபதாம் நூற்றாண்டின் செலோ வரலாற்றையே திசைதிருப்பிய அந்தக் கண்டெடுப்பு ஒரு சிற்றுண்டிச்சாலைத் தேவையின் பக்கவிளைவு என்பதை எத்தனை கையேடுகள் சொல்கின்றன? அவரே பின்னாளில், 1926 இல், தம் ஊர்ப்புறத்து வட்டநடனமான சர்தானாவை வைத்துச் செலோக்கள் மட்டுமே கொண்ட குழுவுக்கு ஒரு படைப்பை எழுதினார்.

பியாட்டிகோர்ஸ்கியின் கதை இன்னும் கடுமையானது. பதின்வயதிலேயே மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கில் முதன்மைச் செலோக் கலைஞராக இருந்தவர், 1921 இல் எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடந்து வெளியேறினார். லைப்சிக்கில் கிளெங்கலிடம் சிறிது காலம் பயின்றது உண்மைதான். ஆனால் பெர்லினில் அவருக்குச் சோறு போட்டது ஒரு ரஷ்ய சிற்றுண்டிச்சாலையின் மூவர் குழு. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் அவருடைய வாசிப்பைக் கேட்டுத் தம் ஃபில்ஹார்மோனிக்குக்கு முதன்மைக் கலைஞராக அழைத்துக்கொண்டது அந்தக் காலத்தில்தான். 1924 முதல் 1929 வரை அவர் அங்கே இருந்தார். இன்றைய பெர்லின் பன்னிருவர் டாங்கோவும் திரையிசையும் ஜாஸும் வாசிக்கும்போது, ‘ஃபில்ஹார்மோனிக் கலைஞர்களுக்கு இது தகுமா’ என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வரலாற்றை நினைவில் கொள்வது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக எய்டோர் வில்லா-லோபோஸ். ரியோ டி ஜெனிரோவில் 1887 இல் பிறந்தவர். தந்தை தேசிய நூலகத்தில் பணியாற்றியவர், இசை ஆர்வலர்; பெரிய செலோ சிறுவனின் உடலுக்கு ஒவ்வாது என்பதால் ஒரு வியோலாவைச் செலோ போல நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும்படி மாற்றிக் கற்றுக்கொடுத்தார். 1899 இல் தந்தை இறந்தபின், திரையரங்குகளிலும் நாடக அரங்குகளிலும் விடுதிகளிலும் செலோ வாசித்து வாழ்ந்ததோடு, தெருவில் கூடி ‘ஷோரோ’ வாசிக்கும் கலைஞர்களோடு கிதாரும் வாசித்தார். இவர்தான் 1930 இல் ‘பாஷியானாஸ் பிரசிலெய்ராஸ்’ வரிசையின் முதல் படைப்பைச் செலோக்கள் மட்டுமே கொண்ட குழுவுக்கு எழுதிக் கசல்ஸுக்குக் காணிக்கையாக்கினார். அதன் இறுதிப் பகுதியான ஃபியூகுக்கு ‘உரையாடல்’ என்று தலைப்பு. ஒரு குரல் தொடங்க மற்றொன்று பதில் சொல்லும் பாஹ்ஹின் இலக்கணமும், ஷோரோ கலைஞர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு வாசிக்கும் வழக்கமும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. இசைக்கல்லூரியின் வகுப்பறையில் மட்டுமே வளர்ந்த ஒருவருக்கு அந்தப் பகுதி தோன்றியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

ஆகவே, பின்னணி ஒலியில் தடம் விடுகிறதா என்று கேட்டால், விடுகிறது என்பேன். அந்தத் தடத்தைக் கையேட்டின் பரிசுப் பட்டியலில் தேடுவதுதான் வீண் வேலை.

ஒற்றைவில்

ஒரு சிறு இடைச்செருகல். சிற்றுண்டிச்சாலை வாதம் சுவையானது. ஆனால் ஒரே ஆசிரியரின் மாணவர்களால் ஆன குழுக்களும் இந்த வடிவத்தில் கணிசமாக இருக்கின்றன. கிளெங்கலின் பன்னிருவர் போலவே, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆல்டோ பாரிசோ 1983 இல் தம் மாணவர்களைக் கொண்டு ‘யேல் செலோஸ்’ என்ற குழுவை உருவாக்கினார். அவர் பிரேசிலின் நட்டால் நகரத்தில் 1918 இல் பிறந்து, இத்தாலியரான தம் மாற்றாந்தந்தையிடம் செலோ பயின்று, 1958 முதல் 2018 வரை யேலில் கற்பித்தவர். வில்லா-லோபோஸின் இரண்டாவது செலோக் கான்செர்ட்டோ அவருக்காகவே எழுதப்பட்டது. அத்தகைய ஒருவரின் மாணவர் குழு ‘பாஷியானாஸ்’ வாசிக்கும்போது ஆசிரியரின் பெயர் வெறும் கதவு என்று சொல்லிவிட முடியுமா?

இதற்கு எதிர்முனையில் அபோகாலிப்டிகாவை வைக்கலாம். ஹெல்சிங்கியின் சிபெலியுஸ் அகாதெமியில் பயின்ற மாணவர்கள் நால்வர் 1993 இல் கூடி, 1996 இல் மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடல்களை நான்கு செலோக்களில் வாசித்து முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். அங்கே கல்லூரிப் பின்னணியும் இருக்கிறது, அதற்கு முற்றிலும் வெளியே இருந்து வந்த காதும் இருக்கிறது.

நான்காம் தந்தி

மாணவப் பருவத்தில் எண்மர் செலோக் குழு ஒன்றில் வாசித்தவன் என்ற முறையில், இருக்கையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கேட்பவர்கள் பின்னணியை ஊர், ஆசிரியர், பரிசு என்று எண்ணுகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிடும் பின்னணி ஒன்றே ஒன்றுதான்: இவர் தனிக்கச்சேரிக்காரரா, சிம்பொனி இசைக்குழுக்காரரா, நால்வர் குழுவில் இருந்தவரா?

ஏன் என்று விளக்குகிறேன். சிம்பொனி இசைக்குழுவில் செலோப் பிரிவு முழுவதும் பெரும்பாலும் ஒரே பங்கை வாசிக்கிறது. முன்வரிசையில் இருப்பவர் வில்லின் போக்கைக் குறித்துத் தருவார். மற்றவர்கள் அதையே பின்பற்றி, தம் ஒலி தனியே தெரியாதபடி கரைய வேண்டும். செலோக் குழுவில் அதே கலைஞருக்குத் தனக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. பிழைத்தால் மறைந்துகொள்ள இடமில்லை. மறுபுறம், தனிக்கச்சேரிக்குப் பயிற்சி பெற்றவர் உச்ச ஸ்தாயியில், கட்டைவிரல் நிலையில், அச்சமின்றி நெடுநேரம் நின்று பாடுவார். ஆனால் ஐந்தாவது பங்கைக் கொடுத்து நான்கு பக்கங்களுக்கு ஒரே இரு ஸ்வரங்களை மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னால், அவர் கமகம் போல விரலை அகலமாக அசைத்து அந்த இரு ஸ்வரங்களையும் தனி உருப்படியாக்கிவிடுவார். மேலே பாடுபவரின் வரி அதில் மூழ்கிப்போகும். நடுப் பங்குகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நால்வர் குழுக்களில் பழகியவர்களாகவே இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். பெயர் வெளியே தெரியாத இவர்கள்தான் ஒரு செலோக் குழுவின் தரத்தைத் தீர்மானிப்பவர்கள் என்பது என் உறுதியான கருத்து.

சுருதி சேர்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ தந்தியிலிருந்து தொடங்கிச் சுத்தமான பஞ்சமங்களாகக் கீழே இறங்கினால், சி தந்தி பியானோவின் சி ஸ்வரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்துவிடும். ஒரு ஸ்தாயியை 1200 பங்குகளாகப் பிரித்தால் அதில் ஏறத்தாழ 6 பங்கு. தனியே வாசிப்பவருக்கு இது பொருட்டல்ல. ஆனால் மேலே ஒருவர் ஏ தந்திக்கு இணங்க ஒரு காந்தாரத்தைப் பிடிக்க, அடியில் மூவர் தாழ்ந்துபோன சி தந்தியைத் திறந்தபடி வாசித்தால், அந்தக் காந்தாரம் தூக்கலாகக் கேட்கும். வாசிப்பவர் தம் விரல்தான் பிழை என்று நினைத்துத் தடுமாறுவார். ஆகவே நால்வர் குழுக்களில் செய்வதைப் போலவே நாங்களும் பஞ்சமங்களை மயிரிழை நெருக்கி, சி தந்தியைச் சற்று உயர்த்தி, எட்டுச் செலோக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டுச் சேர்ப்போம். சிம்பொனிக் குழுவிலிருந்து நேரே வந்தவர்களுக்கு இதில் பொறுமை வருவதற்கே சில ஒத்திகைகள் ஆகும்.

இன்னொன்று, கேட்பவர்கள் அறியாதது. ஒவ்வொரு செலோவிலும் ஏதோ ஓர் இடத்தில், பொதுவாக இ ஸ்வரத்துக்கும் எஃப் ஷார்ப் ஸ்வரத்துக்கும் இடையில், உடலின் அதிர்வும் தந்தியின் அதிர்வும் மோதி ஒலி நடுங்கி உடையும். செலோக் கலைஞர்கள் அதை ‘ஓநாய்’ என்பார்கள். குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) கீழே தந்தியின் மீது ஒரு சிறு உலோகக் குழாயை மாட்டி அதை அடக்கி வைப்பார்கள், முற்றிலும் போகாது. வழக்கமான நால்வர் குழுவில் செலோவின் ஓநாய் ஒன்றுதான் இருக்கும், செலோக் குழுவிலோ ஆளுக்கொன்று. எல்லோருடைய ஓநாயும் ஏறக்குறைய ஒரே பகுதியில் பதுங்கியிருப்பதால், அந்த ஸ்வரத்தில் நீண்ட வில் போட வேண்டிய இடம் வரும்போது, யாருடைய வாத்தியம் அங்கே மிகச் சீராக ஒலிக்கிறதோ அவருக்கு அந்தப் பங்கை மாற்றிக் கொடுத்துவிடுவோம். பரிசு பெற்றவர் யார் என்பதெல்லாம் அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

அடிப் பங்கை வாசிப்பவருக்கும் ஒரு தனிக்கலை வேண்டும். தடித்த சி தந்தி வில்லுக்கு உடனே பதில் சொல்லாது. ஒலி எழுவதற்கு ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். எல்லோரோடும் ஒன்றாகத் தொடங்கினால் தாமதமாகவே கேட்கும் என்பதால், அவர் மற்றவர்களைவிட ஒரு மூச்சு முன்னதாகவே வில்லைத் தந்தியில் பதித்துவிட வேண்டும். நடத்துநர் இல்லாத குழுவில் இதை யாரும் கையசைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். எங்கள் குழுவில் அந்த இருக்கையில் இருந்தவர் நாடக அரங்கின் இசைக்குழியில் பல காலம் வாசித்தவர். பாடகர் மூச்சிழுப்பதைப் பார்த்தே வில்லை வைக்கப் பழகியவர். இந்த இடத்தில் நண்பர் பழைய இசைத்தட்டின் வாதத்தோடு நான் முழுவதும் உடன்படுகிறேன்.

பழைய இசைத்தட்டு

அரங்கக் குழியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். ஜாக் ஓஃபன்பாஹ் இசை நாடகங்களால் புகழ்பெறுவதற்கு முன் செலோக் கலைஞர். யூதத் தொழுகைக்கூடப் பாடகரின் மகனாகக் கொலோனில் 1819 இல் பிறந்து, 1833 இல் பாரிஸ் இசைக்கல்லூரியில் சேர்ந்து, ஏறத்தாழ ஓராண்டிலேயே அதை விட்டுவிட்டு ஓப்பெரா-கொமீக் அரங்கின் இசைக்குழுவில் வாசிக்கப் போனார். அங்கே சலிப்புத் தட்டியபோது, அவரும் முதன்மைச் செலோக் கலைஞரும் ஒரே பங்கின் ஸ்வரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து வாசித்து விளையாடினார்கள். இத்தகைய குறும்புகளுக்காக அவருடைய சம்பளத்தில் அபராதம் பிடித்தார்கள். இரண்டு செலோக்களுக்கு அவர் பின்னர் ஏராளமான ஜோடி உருப்படிகளை எழுதியதைப் பார்க்கும்போது, அபராதம் கட்டிய அந்தப் பயிற்சி வீண்போகவில்லை என்றே தோன்றுகிறது. ஒரு குரலை இருவர் பிரித்துக்கொள்ளும் வித்தை அவற்றில் நிறைய இருக்கிறது.

இரவுநேர ரசிகன்

அனைவருக்கும் நன்றி. இடைவெளி விட்டு அடுக்குவது பற்றிய விளக்கம் என் முதல் ஐயத்தைத் தீர்த்துவிட்டது. இரண்டாவதில், நீங்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கிறீர்கள் போலத் தோன்றினாலும், ஆசிரியர் பெயரைவிடவும் பரிசைவிடவும் ஒரு கலைஞர் எந்த இருக்கையில் அமர்ந்து பழகினார் என்பதைப் பார் என்று எடுத்துக்கொள்கிறேன். இதைச் சோதித்துப் பார்க்க எந்தப் படைப்பிலிருந்து தொடங்கலாம்? வாசிப்பவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்; அதே சமயம் மிகக் கடினமான நவீனப் படைப்பாகவும் இருக்கக் கூடாது.

நான்காம் தந்தி

வில்லா-லோபோஸின் ‘பாஷியானாஸ் பிரசிலெய்ராஸ்’ ஐந்தாம் எண்ணிலிருந்து தொடங்குங்கள்: ஒரு பெண்குரலும் எட்டுச் செலோக்களும். முதல் பகுதியான ஆரியா 1938 இல் எழுதப்பட்டது, இரண்டாம் பகுதியான நடனம் 1945 இல் சேர்ந்தது. ஆரியாவின் தொடக்கத்தில் பாடகி சொற்களின்றி ஒரே உயிரொலியில் நீண்ட வரியைப் பாடுவார். எல்லோரும் குரலையே கேட்பார்கள். நீங்கள் அதை விட்டுவிட்டு, அதே வரியை ஒரு ஸ்தாயி கீழே நிழல்போல வாசித்துக்கொண்டு வரும் செலோவை மட்டும் தொடருங்கள். அந்த இருக்கையில் தனிக்கச்சேரிப் பழக்கம் மேலோங்கியவர் இருந்தால் குரலோடு போட்டியிடுவார். அரங்கக் குழியில் பழகியவர் இருந்தால் பாடகியின் மூச்சோடு சேர்ந்தே நிறுத்துவார். மறுமுறை கேட்கும்போது, கிதார் போல விரலால் மீட்டிக்கொண்டிருக்கும் மற்ற செலோக்களைக் கவனியுங்கள். மீட்டு ஒலியில் வில்லின் உதவி இல்லை. எல்லோருடைய விரலும் ஒரே கணத்தில் தந்தியை விடவில்லை என்றால் சிதறல் அப்பட்டமாகத் தெரியும். இறுதியில் அதே வரி திரும்பி வரும்போது பாடகி வாயை மூடிக்கொண்டு முனகிப் பாடுவார். செலோக்கள் எவ்வளவு தணிகின்றன என்பதில் குழுவின் குணம் முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

மந்தரஸ்தாயி

அதற்கு அடுத்ததாக எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பியார்ட்டின் ‘ஃப்ராட்ரெஸ்’ஸின் செலோக் குழு வடிவத்தைக் கேட்கலாம், அது நிதானமானது, வெளிப்படையானது, ஒவ்வொரு ஸ்வரத்தின் சுருதியும் அம்மணமாக நிற்கும். ‘செலோ ஆக்டெட் ஆம்ஸ்டர்டாம்’ என்று இன்று அழைக்கப்படும் எண்மர் குழுவையும் பரிந்துரைக்கிறேன். எலியாஸ் அரிஸ்குரென் என்ற ஸ்பானியச் செலோக் கலைஞர் 1989 இல் தொடங்கி நடத்திய குழு, பின்னாளில் நடத்துநரே இன்றி வாசிக்கும் குழுவாக மாறியது. பியார்ட் 2008 இல் ‘ஓ-ஆன்டிஃபோனென்’ என்ற படைப்பை அவர்களுக்காக அமைத்தார். நடத்துநர் இருந்த காலத்துப் பதிவையும் இல்லாத காலத்துப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், தொடக்கங்களில் ஒரு வேறுபாடு புலப்படுகிறதா என்று பாருங்கள்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் பூலேஸின் ‘மெஸாஜெஸ்கீஸ்’ஸை (1976) மட்டும் சற்றுத் தள்ளி வையுங்கள். சுவிஸ் நடத்துநர் பால் சாஹரின் 70 ஆவது பிறந்தநாளுக்கு, அவர் குடும்பப்பெயரின் (Sacher) ஆறு எழுத்துகளையே ஆறு ஸ்வரங்களாக மாற்றி, ஒரு முதன்மைச் செலோவுக்கும் ஆறு துணைச் செலோக்களுக்கும் எழுதப்பட்ட அற்புதமான படைப்புதான். ஆனால் அதன் வேகப் பகுதியில் எழுவரும் ஒரே பெரிய வாத்தியமாகிவிடுவதால், தனித்தனி ஆளைப் பிரித்துக் கேட்கும் உங்கள் சோதனைக்கு அது ஒத்துழைக்காது. நான் சொன்ன மற்றவற்றைக் கேட்டபின், உங்களிடமுள்ள கையேடுகளில் எந்தப் பங்கை யார் வாசித்தார் என்று அச்சிட்டிருந்தால், உங்கள் ஊகத்தோடு சேர்த்து இங்கே எழுதுங்கள்.